நாற்பத்தொரு முறை கேன்சல்

ஜனவரி 6, திங்கள்

இன்று எங்கள் வண்டி எடை மேடையில் இருந்தவர்கள்: நான், அத்தாயம்மாள். என் மகன் நல்லசிவம். ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வாசுகி. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் கிளார்க் குழந்தைவேலு. மரவள்ளிக் கிழங்கு லோடோடு வரிசையில் நின்ற பச்சியப்பன், முனியன். என் தங்கை தங்காயியின் மகன் செங்கோடன். செங்கோடன் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. இறங்காவிட்டாலும் இருந்தான்.

மறந்துபோகும் என்று பயந்து இதை எழுதவில்லை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்த வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். நாளைக்கு யாராவது வந்து, 'நான் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை' என்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆலை இந்த வருஷமும் டைரி கொடுத்தது. போன வருஷம் ரெக்சின் அட்டை. இந்த வருஷம் வெறும் காகித அட்டை. அதையும் குறித்துக்கொண்டேன்.

வாசுகி எங்கள் கம்ப்யூட்டரில் புதிய புரோகிராம் ஒன்றைப் போட்டாள். வெளிச்சுவரில் டிவி ஒன்றையும் மாட்டினார்கள். இனிமேல் லோடு வண்டியின் எடை, காலி வண்டியின் எடை, கழித்து வரும் கிழங்கின் எடை, மூன்றும் அந்த டிவியில் எல்லோருக்கும் தெரியுமாம். அதே நொடியில் ஆலை ஆபீசுக்கும் போய்விடுமாம். அதற்காக எல்லா வண்டியும் ஆலையில் கிழங்கை இறக்கிவிட்டு, திரும்பவும் இங்கே வந்து காலியாக மேடை ஏற வேண்டுமாம்.

இருபத்தாறு வருஷமாக இங்கே அந்த வழக்கம் கிடையாது. புது வண்டி என்றால் ஒருமுறை காலியாக ஏற்றிப் பார்ப்பேன். அதற்குப் பிறகு அந்த எடை என் தலையில் இருக்கும். பச்சியப்பன் வண்டி மூவாயிரத்து முந்நூற்று எண்பது. முனியன் வண்டி மூவாயிரத்து எழுநூற்றுப் பத்து. சீட்டில் நான் போட்டதுதான் காலி எடை. டிரைவர்கள் ஆலையிலிருந்து நேராக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"அப்போ ஆத்தா சொல்ற எடை இனிமே செல்லாதுங்களா?" என்று பச்சியப்பன் கேட்டான்.

"ஆத்தா சொல்றது சொல்றதுதான். மிஷின்லயும் ஒருக்கா ஏறிட்டுப் போங்களேன், என்ன தேஞ்சா போயிடுவீங்க?" என்றான் குழந்தைவேலு. இதை என்னைப் பார்க்காமல் சொன்னான்.

புரோகிராமை ஓட விட்டதும் எடை தெரிகிற இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி குதித்து வந்தது. ஓரத்தில் செங்கல் சுவர் படம், உள்ளே இங்கிலீஷ் எழுத்து, கீழே இரண்டு பொத்தான்.

"இது பயர்வாலுங்க அம்மா. புதுசா ஒரு புரோகிராம் வெளிய பேசப் போவுதே, விடட்டுமான்னு கேக்குது. அலவ் குடுத்தா விட்டுரும், கேன்சல் குடுத்தா அடைச்சுரும். ஒரு தடவைதான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு வாசுகி அலவ் கொடுத்தாள். டிவியில் எழுத்து வந்தது.

ஒரு தடவைதான் என்று சொன்னாள். நேரம் பதினொன்றேகால்.

ஜனவரி 7, செவ்வாய்

ஒரு தடவை இல்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் பெட்டி வந்துவிட்டது. நல்லசிவம் எங்கள் லாரியை எப்.சி. பரிசோதனைக்குக் காட்ட நாமக்கல் போயிருந்தான். என் அறைக்குள் வந்து, எனக்குத் தெரியாத பாஷையில், விடட்டுமா என்று கேட்கிறது. கேன்சல் கொடுத்தேன். பெட்டி போய்விட்டது. எடை தெரிந்தது. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

டிவி கறுப்பாக இருந்தது. பதினோரு வண்டிக்கும் பழையபடி நானே காலி எடை போட்டுச் சீட்டுக் கொடுத்தேன். எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஜனவரி 9, வியாழன்

நல்லசிவம் இருந்தான். பெட்டி வந்தது. அலவ் கொடுத்தான். டிவி எரிந்தது. பத்து மணிக்குக் கரண்ட் போனது. வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டான். பெட்டி திரும்பவும் வந்தது. அலவ் கொடுத்தான். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அவன் சாப்பிடப் போயிருந்தான். பெட்டி வந்தது.

கேன்சல்.

சாப்பிட்டு வந்தவன் டிவியைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "என்னங்கம்மா, மறுபடியும் நின்னுருச்சு?"

"எனக்கென்னடா தெரியும்? உன்ற டிவியைக் கேளு" என்றேன்.

ஜனவரி 11, சனி

உளுந்து ஊறப் போட்டேன். கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டது. கொத்துகிறவர் வருகிறேன் என்று சொல்லி இன்றோடு ஒன்பது நாள்.

மேடையில் முனியன் கேலி செய்தான். "ஆத்தா, டிவியை மாட்டிட்டுப் படம் காட்ட மாட்டேங்கறீங்களே. சாயங்காலம் ஒரு சீரியலாவது போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முனியனின் அப்பனும் இப்படித்தான். தொண்ணூற்றெட்டில் மேடை திறந்த அன்று, 'பொம்பளை போடற எடையா?' என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். வெள்ளைத் துண்டு, பழுப்புச் சட்டை. அதற்குப் பிறகு அவன் சாகும்வரை அவன் வண்டிக்கு ஒரு கிலோகூடத் தவறாகப் போட்டதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்ததில்லை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்.

மேடைக்கு விடுமுறை. பேத்திகள் கோவையிலிருந்து வந்தார்கள். பெரியவள் புடவை கொடுத்தாள். நல்ல நிறம்.

தங்காயி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மூன்று வருஷமாக வருவதில்லை, நானும் போவதில்லை. அவள் பேத்தி காதுகுத்துக்கு எவர்சில்வர் குடத்தைப் பச்சியப்பனிடம் கொடுத்தனுப்பினேன். கடமைக்குக் குறை வைக்கவில்லை.

எதனால் என்று இந்த டைரியில் எழுதவில்லை. எழுதி வைக்கிறேன். ஆவணி மாதம், புதன்கிழமை, காலை ஒன்பதரை. தங்காயி டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வந்தாள். இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து, ஏழு பேர் காதுபடச் சொன்னாள்: "அக்கா, டிரெய்லருக்கு ரெண்டு பக்கமும் வச்சிருந்த இரும்புத் தட்டியக் கழட்டிட்டோம். கெழங்கு எடை குறையற மாதிரி தெரியுது. வெறும் வண்டிய ஒருக்கா ஏத்திப் பாரேன்."

'ஏத்திப் பாரேன்' என்றாள். உன் தலையில் இருப்பது சரிதானா என்று பாரேன் என்று அர்த்தம். ஏழு பேர் எதிரில்.

"உன்ற வண்டி மூவாயிரத்து அறுநூத்தி நாப்பது. அது எனக்குத் தெரியும். வேற மேடை இருந்தா அங்க போயி ஏத்து" என்றேன்.

வேறு மேடைக்குப் போக முடியாது. எங்கள் சீட்டைத்தான் ஆலை வாங்கும். அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். திரும்பிப் போய் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு செங்கோடன் மட்டும் வருகிறான். சீட்டை வாங்கிக்கொண்டு போகிறான்.

ஜனவரி 17, வெள்ளி

கரண்ட் நான்கு முறை போனது. பெட்டி நான்கு முறை வந்தது. நான்கும் கேன்சல்.

ஜனவரி 20, திங்கள்

குழந்தைவேலு போன் செய்தான். "ஆத்தா, ரெண்டு வாரமா எடை ஒழுங்கா எங்க கம்ப்யூட்டருக்கு வரலீங்க. ஒண்ணு ரெண்டு நா மட்டும் வந்துச்சு."

"கரண்ட் போயிடுதப்பா."

"கரண்ட் எங்களுக்குந்தான் போவுது."

இவனுக்கு வேலை வாங்கிக் கொடுக்கச் சொல்லி இவன் அம்மா என் வீட்டுக்கு எத்தனை முறை நடந்தாள்? ஐந்து. ஐந்தாவது முறை மழை.

மத்தியானம் கறிவேப்பிலை பறிக்க வெளியே போனேன். செங்கோடன் டிராக்டர் வரிசையில் மரத்தடியில் நின்றது. கிழங்கு குவித்திருந்தது. பக்கவாட்டில் பலகை உயரம்தான் இருந்தது. அதற்கு மேல் சாக்கைத் தைத்துக் கட்டியிருந்தார்கள்.

கறிவேப்பிலையோடு உள்ளே வந்தேன். அவன் முறை வந்தபோது காலி எடை 3,640 போட்டுச் சீட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஜனவரி 22, புதன்

மூட்டு வலி. தைலம் தீர்ந்துவிட்டது. கேன்சல் இரண்டு.

ஜனவரி 25, சனி

ஆலை முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரி மூன்றாம் தேதிக்குள் எடைகள் ஒழுங்காக ஆபீசுக்கு வரவில்லை என்றால், நான்காம் தேதியிலிருந்து லோடுகளைப் பைபாஸ் ரோட்டில் திறந்திருக்கும் புது மேடைக்கு அனுப்பிவிடுவார்களாம். நல்லசிவம் இரண்டு முறை படித்துக் காட்டினான். மூன்றாம் முறை படிக்க வந்தான். போதும் என்றேன்.

ராத்திரி சாப்பாட்டில் கேட்டான். "அம்மா, அந்தப் பெட்டி வந்தா நீங்க எதை அமுக்கறீங்க?"

"அது கேக்குது. நான் பதில் சொல்றேன்."

"என்ன பதில்?"

"வேண்டாங்கறேன்."

அவன் கையைக் கழுவவில்லை. "ஏம்மா? அது உங்களை என்ன பண்ணுச்சு? அப்பா கடன ஒடன வாங்கிக் கட்டின மேடை இது. நாலாந்தேதி இதுல ஆடு மேயும்."

என் மகன். வளர்த்தது நான்தான், அதனால் இதை மனதில் வைக்கக் கூடாது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

மேடை போனால் எல்லாம் போனது. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் டிவி எரிய ஆரம்பித்தால் எல்லா வண்டியும் காலியாக ஏறும். இருபத்தாறு வருஷமாக நான் வாயால் சொன்ன எடையெல்லாம் ஒவ்வொன்றாக மேடைமேல் ஏறும். ஊரே நின்று பார்க்கும்.

சரியாகத்தான் இருக்கும். என் தலை எனக்குத் தெரியும்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று நல்லசிவம் நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழவில்லை. பெட்டி ஐந்து முறை வந்தது. ஐந்தும் அவனே அலவ் கொடுத்தான். டிவி அணைந்து அணைந்து எரிவதால் இன்னும் ஒரு வண்டியும் காலியாக ஏறத் திரும்பி வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். வாசுகிக்குப் போன் போட்டுக் கத்தினான். சனிக்கிழமை வருகிறாளாம்.

செங்கோடன் இன்று வரவில்லை. கிழங்கு பிடுங்க ஆள் கிடைக்கவில்லையாம்.

பிப்ரவரி 1, சனி

வாசுகி ஸ்கூட்டியில் வந்தாள். தலையில் மல்லிகை, தோளில் பை. வந்ததும், "அம்மா, ஒரு டீ கிடைக்குங்களா?" என்றாள். போன முறை ஒரு தடவைதான் கேட்கும் என்று சொன்னவள் இவள்தான். இருந்தாலும் டீ போட்டேன். சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தேன்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பெட்டி வந்தது. திரும்ப அணைத்துப் போட்டாள். வந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நல்லசிவம் அண்ணா, என்ற தப்புதாங்க. அவசரத்துல புரோகிராமைச் சுருக்கின கட்டாவே, பிரிக்காம, ஸ்கிரீன் மேல வச்சுட்டுப் போயிட்டேன். ஒழுங்கா ஒரு எடத்துல குடி வைக்கல. ஒவ்வொரு தடவை தொறக்கறப்பவும் அது புதுசா ஒரு போல்டர் போட்டு, அதுக்குள்ள இருந்து ஓடுது."

"அதுக்கு எதுக்கு தெனம் கேக்குது?"

"பயர்வாலுக்கு ஆளோட மொகம் தெரியாதுங்க. எந்த விலாசத்துல இருந்து வர்றான்னுதான் பாக்கும். நேத்து ஒரு விலாசம், இன்னைக்கு ஒரு விலாசம். அதனால தெனம் புது ஆளுன்னு நெனச்சுக்கிட்டு, விடட்டுமா வேண்டாமான்னு கேக்குது. பாவம், அது ஒழுங்காத்தான் வேலை பாத்திருக்கு."

என்ற தப்புதாங்க. அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. டீயைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு பட்டியலைத் திறந்தாள். புரோகிராமின் பெயர் வரிவரியாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. சில வரிக்கு முன்னால் பச்சைக் குறி. மிச்சத்துக்கெல்லாம் சிவப்பு வட்டம், குறுக்கே கோடு.

"இது என்ன செவப்பா?" என்று நல்லசிவம் கேட்டான்.

"கேன்சல் குடுத்ததெல்லாங்க. ஒரு தடவை வேண்டாம்னா அது மறக்கவே மறக்காது, தடைன்னு எழுதி வச்சுக்கும். பாருங்க, போல்டர் பேர்லயே தேதி இருக்குது. ஏழு, ஒம்போது, பத்து, பதினொண்ணு, பதினேழு நாலு தடவை..." விரலால் தொட்டு எண்ணினாள். "நாப்பத்தொண்ணு."

நானும் மனதுக்குள் எண்ணியிருந்தேன். நாற்பத்தொன்று சரிதான்.

நல்லசிவம் என்னைப் பார்த்தான். வாசுகி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லா ஊர்லயும் இப்படித்தாங்க அண்ணா. பெரியவங்க இங்கிலீஷைப் பாத்ததும் பயந்துக்கிட்டுக் கேன்சல் குடுத்துருவாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை" என்றாள்.

பயமா? எனக்கா? லோடு லாரி மேடையில் பிரேக் பிடிக்காமல் வந்தபோது ஜன்னலை விட்டு நகராமல் நின்றவள் நான். வாயைத் திறந்தேன். எதற்குக் கேன்சல் கொடுத்தேன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். ஆமாம் என்று அவர்களாக எடுத்துக்கொண்டார்கள்.

பழைய புரோகிராமை எடுத்துவிட்டு, புதிதாக ஒரே இடத்தில் போட்டாள். நாற்பத்தொரு சிவப்பையும் பச்சைகளையும் அழித்தாள். ஒரே ஒரு வரி புதிதாக எழுதினாள். அதிலும் நம் மேடைக்கும் ஆலைக்கும் இருக்கும் வழியை மட்டும் திறந்தாள், வெளி ஆட்களுக்கு அடைத்தே வைத்தாள். அது எனக்குப் பிடித்தது. மூன்று முறை அணைத்துப் போட்டுக் காட்டினாள். பெட்டி வரவில்லை.

போகும்போது, "அம்மா, டீ நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

பதினேழு வண்டி. பதினேழும் ஆலையில் இறக்கிவிட்டு வந்து காலியாக ஏறின. ஒவ்வொன்றும் ஏறுவதற்கு முன்னால் பச்சியப்பன் ஜன்னல் பக்கம் வந்து, "ஆத்தா, இது?" என்று கேட்பான். நான் சொல்வேன். டிவியில் எழுத்து வரும்.

முனியன் வண்டி 3,710 என்றேன். 3,710 வந்தது. பச்சியப்பன் வண்டி 3,380 என்றேன். 3,370 வந்தது. "டீசல் கம்மிடா, டேங்கைப் பாரு" என்றேன். பார்த்தான், முள் கீழே கிடந்தது. கைதட்டினார்கள். முனியன் விசில் அடித்தான். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் போகாமல் நின்றார்கள்.

குழந்தைவேலு போனில், "ஆத்தா, மிஷினே உங்ககிட்டதான் பாடம் படிக்கணும்" என்றான். முதலாளியும் பக்கத்தில் இருந்தாராம். நாளை லோடு இங்கேயேதான்.

நல்லசிவம் மைசூர்பாகு வாங்கி வந்தான். இரண்டு தின்றேன்.

செங்கோடன் இன்றும் வரவில்லை. நாளை வருவான். பிடுங்கின கிழங்கு இரண்டு நாளைக்கு மேல் தாங்காது.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று எழுதவில்லை.

பிப்ரவரி 5, புதன்

நேற்று நடந்தது.

காலை பத்தே முக்காலுக்கு அவர்கள் டிராக்டர் வந்தது. செங்கோடன் ஓட்டினான். மட்கார்டில் தங்காயி. மூன்று வருஷத்தில் இளைத்துவிட்டாள். இடது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, புரை எடுத்திருக்கிறாள் போல. எனக்கு யாரும் சொல்லவில்லை.

லோடு எடை எண்ணாயிரத்து இருநூற்று அறுபது. ஆலைக்குப் போனார்கள். திரும்பி வர ஒன்றரை மணி ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் ஜன்னல் கம்பியைத் துடைத்தேன், சீட்டுப் புத்தகத்தை அடுக்கினேன், பழைய பேனாக்களை எழுதிப் பார்த்துத் தூக்கிப் போட்டேன். கரண்ட் போகும் என்று பார்த்தேன். போகவில்லை.

வந்தார்கள். முந்தின நாள் கைதட்டிய கூட்டம் அப்படியே இருந்தது. பச்சியப்பன் ஜன்னலுக்கு வந்தான். "ஆத்தா, இது?"

"மூவாயிரத்து அறுநூத்தி நாப்பது" என்றேன்.

டிவியில் 3,490 வந்தது.

கழித்துப் பார்க்க யாருக்கும் காகிதம் வேண்டியிருக்கவில்லை. ஒரு லோடுக்கு நூற்றைம்பது கிலோ கிழங்கு. மூன்று அறுவடை.

செங்கோடன்தான் முதலில் கத்தினான். "பெரியம்மா! நூத்தம்பது கிலோ! ஒவ்வொரு லோடுக்கும் நூத்தம்பது கிலோ எங்க கெழங்கைத் தின்னுருக்கீங்க! எங்கம்மா அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டாளே!"

நல்லசிவம் வெளியே ஓடினான். "டேய் செங்கோடா, கத்தாத. இது புது மிஷின். இந்தப் பயர்வால் பெட்டி ஒரு மாசமா கம்ப்யூட்டரைப் போட்டுக் குழப்பியிருக்கு. தப்பாக் காட்டுது. வாசுகியக் கூப்பிட்டுக் கேட்டுக்கலாம்."

நேற்று முன்தினம் பதினேழு வண்டிக்குச் சரியாகக் காட்டிய மிஷின். என் மகன் எனக்காகப் பொய் சொன்னான். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள். பெட்டி மேல் பழி போட்டுவிட்டு நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஒரு வார்த்தைகூட நான் சொல்ல வேண்டியிருக்காது.

எழுந்து வெளியே வந்தேன். படி மூன்று. மூட்டு வலித்தது.

"வண்டிய எறக்கி, இன்னொருக்கா ஏத்து" என்றேன்.

செங்கோடன் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினான். இந்த முறை தங்காயியும் இறங்கி நின்றாள். 3,490.

"மிஷின் சரி" என்றேன். "தங்காயி மூணு வருசத்துக்கு முன்னாடி, இதே எடத்துல, வெறும் வண்டிய ஏத்திப் பாருன்னு கேட்டா. நான் ஏத்தல. தப்பு என்னுது."

இன்னும் சொல்ல வேண்டியது இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லலாம் என்று நின்றேன். அதற்குள் தங்காயி கிட்டே வந்துவிட்டாள். என் கையைப் பிடித்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"விடுக்கா" என்றாள். "எழுவத்திரண்டு வயசாச்சு உனக்கு. எத்தன வண்டி, எத்தன எடை. தட்டியக் கழட்டினதச் சொன்னேன், நீ மறந்திருப்ப."

"ஆமாங்க, வயசாச்சுல்ல" என்றான் முனியன். "பதினேழு வண்டிக்கு ஒண்ணுதான. மனுசனுக்கு மறக்கத்தான் செய்யும்" என்றான் பச்சியப்பன். செங்கோடன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். நல்லசிவம் மூச்சு விட்டான். எல்லோருக்கும் அந்த வார்த்தை பிடித்துவிட்டது. மறந்திருப்பாள். கிழவி, பாவம், மறந்திருப்பாள்.

போன கிழங்குக்கு என்ன செய்வது என்று நல்லசிவம் கேட்டான். "போனது போகட்டும். இனிமே சரியாப் போடுங்க" என்றாள் தங்காயி. உள்ளே வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். என் முட்டியைத் தொட்டுப் பார்த்து, தைலம் எது போடுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மறக்கவில்லை.

அந்த இரண்டு இரும்புத் தட்டியும் அவள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு வாசல் கதவாக நிற்கின்றன. பச்சைப் பெயின்ட், வலது பக்கத்தது கொஞ்சம் சாய்ந்திருக்கும். சேந்தமங்கலம் பஸ்ஸில் போகும்போது வலப்பக்க ஜன்னலில் நன்றாகத் தெரியும். முதல்முறை பார்த்தது அந்தச் சண்டை நடந்த நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் சேர்ந்தால் நூற்றைம்பது கிலோ வரும் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். பத்து கிலோகூடத் தவறவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அந்த பஸ்ஸில் நான் வலப்பக்கம் உட்காரவில்லை.

இதைத்தான் சொல்ல இருந்தேன். ஏழு பேர் எதிரில் என்னைக் கேட்டாளே என்ற கோபத்தில், தெரிந்தே போட்டேன் என்று அவ்வளவு பேர் எதிரிலும் சொல்லிவிட இருந்தேன். சொல்லியிருந்தால் செங்கோடன் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பான், ஊர் காறித் துப்பியிருக்கும், நானும் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று இந்த உலகத்தில் ஒருத்திக்கு முழுதாகத் தெரியும். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். மறந்திருப்பாய் என்று சொன்னபோது அவள் என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். தெரிந்தேதான் என்னைக் காப்பாற்றி, ஊர் எதிரில் என்னை மறதிக்காரி ஆக்கினாள். நானும் வாயை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டேன்.

வாசுகியை விட்டுவிடுகிறேன், தன் தப்பைத் தானே சொன்னாள். குழந்தைவேலுவை விட்டுவிடுகிறேன். முனியனின் அப்பனையும் விட்டுவிடுகிறேன், செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நல்லசிவம் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை போவேன், பழம் வாங்கிக்கொண்டு போவேன், அவள் போடுவதைச் சாப்பிடுவேன்.

ஆனால் மன்னிக்க மாட்டேன், தங்காயியை.